நல்லாத்தான் இருக்குது

வாசல் வெளிச்சத்துக்கு நேராகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அம்மா, சேலைக்கு இந்தப் பக்கம் நான், துணிக்கு அப்பால் அவள் முகம் தெரியவில்லை, உருவம் மட்டும் நிழலாகத் தெரிகிறது, ஒரு சாண் துணி நகர்கிறது, நிற்கிறது, மறுபடி ஒரு சாண், நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன், மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கிய சேலை அது, அரக்குக் கரை போட்ட பச்சை, பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அம்மா பிறந்த நாள், ஆங்கிலத் தேதி யாருக்கும் தெரியாது, தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் பிறந்தவள் என்று மட்டும் அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள், அது போதும் என்று நானே அந்த நாளைப் பிறந்தநாளாக்கிச் சேலையோடு வந்து நிற்கிறேன், நகர்ந்துகொண்டே இருந்த துணி முந்தானைக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது, கண்ணு, இங்க வா, கரையில மாங்கா வரிசையா வருதில்ல, இந்த எடத்துல ஒரு மாங்கா பாதிதான் இருக்குது பாரு, என்கிறாள், பார்த்தேன், பாதிதான் இருந்தது, கட்டிக்கொண்டு ஊரெல்லாம் நடந்தாலும் ஒருவர் கண்ணிலும் படாத பாதி மாங்காய், மாத்திக்கிட்டு வந்துரு, என்று மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது, நான் அழுதேனா, அழுதேன், சேலைக் கடைக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை, தைத்து வரும் துணி அவள் மேசைக்கு வந்துதான் பெட்டிக்குப் போக வேண்டும், துணிக்குள் கையை விட்டு முட்டியை மடக்கி இழுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பாள், ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் அவளுக்கு, குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிப் போடுவாள், அந்த ஸ்டிக்கர் பட்டையைப் புறங்கையில் ஒட்டி வைத்திருப்பாள், எடுக்க மறந்து அப்படியே வீட்டுக்கும் வந்துவிடுவாள், வந்தால் கை சும்மா இருக்குமா, சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் ஓர் அம்பு, நெளிந்த தட்டில் ஓர் அம்பு, நான் தலை வாரிக்கொண்டு வந்தால் வகிடு கோணிய இடத்தில் நெற்றியில் ஓர் அம்பு, அப்பா இறந்த பிறகு என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, பள்ளிக்கூடம் விட்டதும் கம்பெனிக்குப் போய்ச் செக்கிங் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வேன், வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகள் மெத்து மெத்தென்று கிடக்கும், அதில் படுத்து அம்மாவின் கால்களைப் பார்த்தபடி தூங்கிவிடுவேன், தூக்கத்தில் அம்மா என்னை எடுத்துக் கைமுட்டியில் மாட்டிக்கொள்கிறாள், இழுக்கிறாள், நான் நீளுகிறேன், டியூப்லைட் என் வழியாகத் தெரிகிறது, கூசுகிறது, எங்கே ஒட்டப் போகிறாள், எங்கே ஒட்டப் போகிறாள் என்று காத்திருக்கிறேன், விழித்தால் மேசைக்கு மேலே துணி நகரும் சத்தம், அதே கால்கள், அதே செருப்பு.

சேலைக்கு அடுத்த வருடம் சுவர்க் கடிகாரம், அதன் விநாடி முள் ஏறும்போது ஒரு நொடி தயங்கி ஏறுகிறது என்றாள், அதற்கடுத்த வருடம் செருப்பு, இடது குதிகால் ஒரு நூல் தாழ்வு, ஒருமுறை பேக்கரியில் சொல்லிக் கேக் வாங்கிக்கொண்டு போனேன், துணிமணி இல்லை, முள் இல்லை, குதிகால் இல்லை, இதில் என்ன நொட்டை சொல்வாள் பார்ப்போம் என்று, துளசிமணி என்று அம்மா பெயரைக் க்ரீமில் எழுதியிருந்தார்கள், பெட்டியைத் திறந்தவள் குனிந்து பார்த்தாள், எழுத்து போகப் போகக் கீழ எறங்குது, என்றாள், கை தானாகப் புறங்கைக்குப் போய் ஓர் அம்பை எடுத்துக் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் க்ரீம் மேலேயே ஒட்டிவிட்டது, ஒட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கதைதான், காலில் விழுந்து எழுந்த வேலுச்சாமியின் முதுகில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தாள், மாப்பிள்ளை வீட்டார் ஊர் போய்ச் சேர்ந்து சட்டையைக் கழற்றினால் காலருக்குக் கீழே சிவப்பு அம்பு, என்னங்க இது, எங்க பையன் மேல ஏதாச்சும் குறையா என்று போன் செய்து கேட்டார்கள், மாப்பிள்ளை மேல ஒரு குறையும் இல்லீங்க, காலர்ல ரண்டு தையல் விட்டிருக்குது, அத்தோட சரி, என்று நிதானமாகச் சொன்னாள் அம்மா, எப்படியோ கல்யாணம் நடந்தது, வேலுச்சாமி இன்றைக்கும் புதுச்சட்டை போட்டால் முதுகை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் வெளியே கிளம்புவார், எனக்கு ஒவ்வொரு பங்குனியும் பரீட்சை எழுதுவதுபோல, என்ன வாங்கினாலும் தோற்பேன், தோற்று வீட்டுக்கு வந்து, இனி இந்தப் பொம்பளைக்கு ஒரு துரும்புகூட வாங்கித் தர மாட்டேன் என்று வேலுச்சாமியிடம் சொல்வேன், அவர் சரி என்பார், மாசி பிறந்ததும் கடை கடையாக ஏறத் தொடங்குவேன்.

பிறகு ஒரு நாள் கம்பெனிக்குக் குழந்தைச் சட்டைகள் திரும்பி வந்தன, வெளிநாட்டுக்குப் போன சரக்கு, ஒரு தடவை துவைத்ததும் கழுத்துத் தையலைச் சுற்றி ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் விழுந்துவிட்டனவாம், பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், அம்மாவின் மேசையில் பார்த்து அனுப்பிய துணி, சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பரவால்லீங்கக்கா, வயசாச்சில்ல, நீங்க பிசிறு வெட்டற பக்கம் உக்காந்துக்கங்க, என்று நல்லவிதமாகச் சொன்னானாம், அம்மா மத்தியானம் வரை கத்திரியை வைத்துக்கொண்டு நூல் பிசிறு வெட்டினாள், சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள், அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை, பக்கத்து மேசை ரங்காத்தா அக்கா வந்து, மழுங்கின ஊசியில தெச்சா நூலு பாதி அறுந்து நிக்கும், தண்ணி பட்டாத்தானே வாயத் தொறக்கும், செக்கிங்ல எப்படித் தெரியும், உன்ற மேல ஒண்ணும் தப்பில்லை, என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தாள், அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை, கண்ணில் புரை இருக்குமோ என்று கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தோம், இனி ஊசியில் நூலே கோக்கலாம் என்று டாக்டர் சொன்னார், எங் கண்ண நம்பறதுக்கில்ல கண்ணு, என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள், பிறகு அதையும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது, அம்மாவுக்கு எல்லாம் பிடிக்கத் தொடங்கிவிட்டது, தோசை கருகியிருந்தால், நல்லாத்தான் இருக்குது, என்று சாப்பிடுகிறாள், ரசத்தில் உப்பில்லை, நல்லாத்தான் இருக்குது, சுவருக்கு வெள்ளையடித்தவன் ஜன்னல் கம்பியெல்லாம் சுண்ணாம்பைத் தெளித்துவிட்டுப் போனான், அதுவும் நல்லாத்தான் இருந்தது, போன பங்குனிக்கு ஒரு கைப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன், ஜிப் பாதியில் சிக்கியது, எனக்கே தெரிந்தது, அம்மா ஜிப்பைத் தொடக்கூட இல்லை, நல்லாத்தான் இருக்குது கண்ணு, என்று வாங்கி அலமாரியில் வைத்தாள், இத்தனை வருடம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன், அது வந்தபோது வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை, எதிரில் உட்கார்ந்திருப்பது அம்மாதான், அதே மூக்குத்தி, அதே கழுத்து, ஆனால் ஆள் எங்கேயோ எழுந்து போய்விட்டதுபோல இருந்தது, வேலுச்சாமி, வயசானா எல்லாரும் அடங்கிருவாங்க, விடு, என்றார், என்னால் விட முடியவில்லை, இந்த மாசியில் ஒரு நாள், அம்மா குடியிருக்கும் லைன் வீட்டுப் பொது முற்றத்தில் யாரோ காயப்போட்ட பனியன் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது, அம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பியவள் அதன் பக்கத்தில் நின்றாள், நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் கை மெதுவாகப் பனியனுக்குள் போகிறது, முட்டி மடங்குகிறது, துணி விரிகிறது, ஒரு நொடிதான், அடுப்பில் சுட்டதுபோலக் கையை உருவிக்கொண்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்க்கிறாள், அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வருடம் அவளுக்கு என்ன வாங்க வேண்டும் என்று.

குறை உள்ள ஒரு துணி வேண்டும், காதர்பேட்டையில் செகண்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கம்பெனியில் ஒதுக்கிய துணிக்குத்தான் அந்தத் தெருவே, ஓட்டைக்கா அங்கே பஞ்சம் என்று போனேன், பனியன் துணியில் தைத்த நைட்டிகளைக் குவித்து வைத்திருந்த கடையில், டேமேஜ் இருக்கறதா ஒண்ணு காட்டுங்க பாய், என்றேன், அவர் முகத்தில் ஈயாடவில்லை, நம்ம கடையில டேமேஜே கிடையாதுக்கா, எல்லாம் எக்ஸ்போர்ட்டுக்கு வெச்சிருந்தது, ஆர்டர் கேன்சல் ஆயி இங்க வந்திருக்கு, என்றார், இல்லை பாய், எனக்குச் சின்னதாக ஏதாவது குறை இருக்க வேண்டும், கண்ணுக்குச் சட்டென்று தெரியக் கூடாது, தேடினால் கிடைக்க வேண்டும், என்று விளக்கினேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், பேரம் பேசுவதற்குப் புதுவழி கண்டுபிடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், நானே குவியலுக்குள் இறங்கினேன், நல்லதைத் தேடுகிற கூட்டத்தில் நான் ஒருத்தி மட்டும் கெட்டதைத் தேடுகிறேன், ஒன்றில் எண்ணெய்க் கறை கையகலம், குருடருக்கும் தெரியும், அது அம்மாவை அவமானப்படுத்துவது, ஒன்றில் ஒரு கை நீளம் ஒரு கை குட்டை, அதற்கு எதற்கு அம்மா, ஒன்றில் எதுவுமே இல்லை, இழுத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பார்த்தேன், உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், துணிகள் மேலே மேலே விழுகின்றன, டியூப்லைட் எரிகிறது, நான் மேசைக்கு அடியிலிருந்து மேசைக்கு மேலே வந்துவிட்டேன், என் கைமுட்டி அம்மாவின் கைமுட்டியைப்போல மடங்குகிறது, இவ்வளவு நேரம் நின்றால் இடுப்பு இப்படி வலிக்குமா, இப்படியா ஒரு ஆயுசு நின்றாள், அக்கா, எடுக்கறீங்களா இல்லையா, என்றார் பாய், எதுவுமே இல்லாத அந்தக் கத்திரிப்பூ நிற நைட்டியை எடுத்துக்கொண்டேன், பாத்தீங்களா, நாந்தான் சொன்னனே, ஒரு குறை இருக்காது, என்று வெற்றியோடு பைக்குள் போட்டுக் கொடுத்தார்.

குறை கடையில் கிடைக்காவிட்டால் வீட்டில் செய்துகொள்ள வேண்டியதுதான், நைட்டியைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு எங்கே குத்துவது என்று யோசித்தேன், முன்பக்கம் என்றால் லேசு, பின்பக்கம் என்றால் பார்க்காமல் விட்டுவிடலாம், கடைசியில் இடது அக்குளுக்குக் கீழே பக்கத் தையலுக்கு ஒட்டினாற்போல ஓர் இடத்தைப் பிடித்து, கையூசியால் ஓர் இழையை நெம்பி எடுத்து அறுத்தேன், வேலுச்சாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு, புதுத் துணி, என்றார், பிறகு பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, எங்க குத்துனே, எனக்குத் தெரியலியே, என்றார், அது போதும் என்று மடித்து வைத்தேன், ஆனால் மடித்து வைத்த பிறகுதான் மனசு அடித்துக்கொண்டது, அம்மா கண்டுபிடிக்காமல் போனால் என்ன செய்வது, அவள் சொல்வதுதான் நிஜம் என்று ஆகிவிடுமே, கண் போய்விட்டது என்று நானே அவளுக்கு நிரூபித்துக் கொடுத்ததாக ஆகிவிடுமே, குத்திய இழையை ஒட்டவா முடியும், ஒரு நல்ல காரியம் செய்யப் போய் அம்மாவை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடப் போகிறேனோ என்று இருந்தது.

உத்திரத்துக்கு மறுநாள் காலையில் போனேன், அம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள், நைட்டியைக் கொடுத்தேன், வாங்கினாள், மடிப்பைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தாள், நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன், நல்லாத்தான் இருக்குது கண்ணு, என்றாள், மடித்து அலமாரியில் வைத்தாள், அவ்வளவுதான், பாயசம் வைத்துக் கொடுத்தேன், அவசரத்தில் ஏலக்காய் போட மறந்திருந்தேன், அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள், நான் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்னால் குழாயடிக்குப் போனேன், தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டு நின்றேன், அம்மா போய்விட்டாள், இருக்கும்போதே போய்விட்டாள், இனி என்ன வாங்கிக் கொடுத்தாலும் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது, குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால் அலமாரி திறந்திருக்கிறது, அம்மாவைக் காணோம், வாசல் நிலையில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கத்திரிப்பூ நிறம் தொங்குகிறது, அதற்கு அந்தப் பக்கம் அவள் நிழல், உள்ளே விட்ட கைமுட்டி துணியை இழுத்துப் பிடித்திருக்கிறது, துணி நகரவில்லை.

இது எந்தக் கடை, என்று துணிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள், காதர்பேட்டை என்றேன், கடைக்காரன் மேல தப்பில்லை, கம்பெனிக்காரன் மேலயும் தப்பில்லை, என்றாள், இது மிசின் ஓட்டை இல்லை, மிசின் ஊசி குத்துனா தையல் மேலயே குத்தும், இது தையலுக்கு அக்கட்டால ஒரு நூல் தள்ளி இருக்குது, ஒத்த எழை, பக்கத்து எழைக்கு ஒண்ணும் ஆகலை, உக்காந்து, பாத்து, கையூசியில நெம்பி அறுத்திருக்குது, ஆரு பண்ணுனது, என்றாள், நான் முந்தானையில் முகத்தைத் துடைத்தேன், உன்னையத்தாங் கேக்கறேன், ஆரு பண்ணுனது, என்றாள் மறுபடி, நாந்தாம்மா, என்றேன், துணி இறங்கியது, அம்மாவின் முகம் சிவந்திருந்தது, அந்த முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது, ஏண்டி, எங்கியோ ஒருத்தி காலு கடுக்க மிசின்ல உக்காந்து ஒரு குத்தமில்லாமத் தெச்சிருக்கறா, அந்த நல்ல துணியக் குத்திக் கெடுத்திருக்கறயே, உனக்கு எப்படிடி கை வந்துது, என்றாள், பிறகு குரல் தணிந்து, என்னையப் பரீட்ச வெச்சுப் பாத்தியா, என்று கேட்டாள், இல்லம்மா, நீ நல்லாருக்குது நல்லாருக்குதுங்கறப்பெல்லாம் எனக்குப் பயமா இருந்துது, நீ எனக்கு வேணும், என்றேன்.

அம்மா மறுபடி துணியைத் தூக்கினாள், நான் அறுத்த இடத்தை நேராக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒத்த எழை, என்று மெதுவாகச் சொன்னாள், இதக் கண்ட கண்ணு, அந்தக் கொழந்தச் சட்டையில கழுத்தச் சுத்தி அத்தன ஓட்ட இருந்திருந்தா காணாமயா விட்டிருக்கும், என்றாள், என்னிடம் சொன்னமாதிரி இல்லை, எதிரில் சூப்பர்வைசர் நிற்பதுபோல, மேசை இருப்பதுபோல, அன்னிக்கு எங் கைக்கு வந்தப்ப அது இல்லை, என்றாள், பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, இல்லவே இல்லை, என்றாள், துணிக்குப் பின்னால் அவள் தோள் குலுங்குகிறதா என்று பார்க்கிறேன், நிழலில் சரியாகத் தெரியவில்லை, அப்புறம் துணி நகர்கிறது, ஒரு சாண் நகர்ந்து நிற்கிறது, மறுபடி ஒரு சாண், எனக்கு இது வேண்டாம் கண்ணு, கொண்டு போயி வேற நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா, என்கிறாள், பாயசத்துல ஏலக்காயே இல்லை, இனிப்பும் தூக்கலு, ஆரு சொல்லிக் குடுத்தாங்க உனக்குப் பாயசம் வெக்க, என்கிறாள், சரிம்மா என்கிறேன், இந்த வருடமும் அம்மாவுக்குப் பரிசு பிடிக்கவில்லை, நான் துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறேன், இன்னும் பாதி நைட்டி பாக்கி இருக்கிறது.